நரம்பு

வலைக்கடையில் கேட்டால் முழம் போட்டு வெட்டித் தருவார்கள்.
நரம்பு என்றுதான் முதுநகரில் அதற்குப் பேர்.
அரை மில்லிமீட்டர் நைலான்.
"என்ன மீனுக்கு?" என்றார் கடைக்காரர்.
"காலுக்கு" என்றாள் பவதாரணி.
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

பள்ளி ஆய்வகத்துத் தராசுத் தட்டில்
செங்குத்தாக நிறுத்தி அழுத்துவாள்.
வளையும் கணத்தில் என்ன எடையோ அதை நான் எழுதுவேன்.
ஆறு. ஏழரை. ஏழரை.
நுனியைக் கொஞ்சம் நறுக்குவாள்.
குட்டையாக ஆக ஆக
நரம்புக்குப் பிடிவாதம் கூடுகிறது.
சரியாகப் பத்து கிராமில் வளையும் ஒன்று கிடைக்க
இருபத்தாறு துண்டு, மூன்று சனிக்கிழமை,
வாட்ச்மேனிடம் ஒரு முழு நீளத் திட்டு.

பத்து கிராம் என்பது,
'யாரோ தொடுகிறார்கள்' என்று
பாதம் தன் சொந்தக்காரரிடம் சொல்லக்
கொடுக்கவேண்டிய விலை.
அதற்கும் வாய் திறக்காத பாதத்தில்
சர்க்கரை எப்போதோ புகுந்து
உள்நரம்பைத் தின்றிருக்கும்.

ஏலம் முடிந்த துறைமுகத்தில்
காலிக் கூடைகளைக் கவிழ்த்து
மீன்காரப் பெண்களை உட்காரவைத்தோம்.
ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த பாதங்கள்,
ஒட்டிக்கொண்ட செதிலோடு.
"கண்ண மூடிக்கங்க. படும்போது ஆமான்னு சொல்லுங்க."

அஞ்சலாட்சி எல்லாவற்றுக்கும் ஆமா சொன்னார்.
கட்டைவிரல், ஆமா.
குதிகால், ஆமா.
பவதாரணி தும்முவதற்காக நரம்பை
என்னிடம் கொடுத்திருந்தபோதும், ஆமா.
கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"நல்லா மார்க்கு போட்டுக்க பாப்பா."

அதுவரை எழுதிய இருபத்தெட்டுப் பேரின் கணக்கும்
அந்தத் தும்மலோடு போயிற்று.

அடுத்த வாரத்திலிருந்து
பத்தில் மூன்று முறை நரம்பு காற்றில் நின்றது.
எங்கள்மேல் இருந்த பிரியத்தை
அளந்து கழிக்கவேண்டி இருந்தது.
நோட்டில் அதற்கெனத் தனியாகக் கோடு போட்டேன்.
தலைப்பு: தொடாத ஆமா.

அன்றுதான் அஞ்சலாட்சியின் இடது பாதத்தில்
அதைப் பார்த்தோம்.
கெளுத்தி முள். பாதி உள்ளே.
அது குத்தினால் ஆம்பிளைகளே
படகில் உருண்டு அழுவார்கள்.
"எப்பக்கா குத்துச்சு?"
"எது?" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.
சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு
மறுநாளே ஏலத்துக்கு வந்துவிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது.
அதே நரம்பு, அதே தராசு, எட்டு கிராமிலேயே வளைந்தது.
காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கிறது.
"இதெல்லாம் யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்றேன் நான்,
காய்ச்சலோடு, உப்பனாற்றுப் படகுக்குக் காத்துக்கொண்டு.
"நான் கண்டுபிடிச்சிட்டேனே" என்றாள்.
மூன்றாவது முறையாக
அறுபத்து மூன்று பெண்கள். நூற்று இருபத்தாறு கால்கள்.

புதுச்சேரியில் பரிசளிப்பு.
நடுவர்களில் ஒருவர், தாடி வைத்தவர்,
முடிவுகளை விட்டுவிட்டு
'தொடாத ஆமா' பக்கத்திலேயே வெகுநேரம் நின்றார்.
முதல் பரிசு.
சான்றிதழில் பவதாரிணி என்று இருந்தது.
என் பேர் சரியாக இருந்தது, அதுவே ஆச்சரியம்.
கைதட்டல் நடுவில் அவள் குனிந்து என் காதில்,
"ஏசியில நரம்பு விறைச்சிருக்கு.
காலையிலயே நிறுத்துப் பாத்தேன். பதினொண்ணு. எழுதிக்க" என்றாள்.

சனிக்கிழமை கேடயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனோம்.
கைமாறிக் கைமாறிப் போய் அதில் மீன்வாடை ஏறியது.
"எவ்ளோ மார்க்கு?" என்றார் அஞ்சலாட்சி.
"மொதப் பரிசுக்கா."
"எனக்கு?"

பவதாரணி நோட்டைப் புரட்டினாள்.
தெரிந்த பக்கம்தான், ஆனாலும் புரட்டினாள்.
"பத்துக்கு ரெண்டு."

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.
கூடையிலிருந்து ஐஸ் உருகி
அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.
காலை நகர்த்தாமல்
அவர் அதைக் குனிந்து பார்த்தார்.